பதிவேட்டில் இல்லாத சங்கம்

தமிழ்நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றை 1918 ஏப்ரலில், சென்னைத் தொழிலாளர் சங்கத்திலிருந்து தொடங்குவது வழக்கம். பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் என்று தலைவர்களின் வரிசையும் தயாராக இருக்கிறது. உறுப்பினர், சந்தா, பதிவேடு இருந்தால்தான் சங்கம் என்ற வரையறை யாருடையது என்பதே என் கேள்வி.

1908 பிப்ரவரி 27இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியபோது அங்கே சங்கம்னு ஒண்ணும் கிடையாது. கூலி உயர்வு, வார ஓய்வு, வேலைநேரக் குறைப்பு ஆகியவையே கோரிக்கைகள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். மார்ச் முதல் வாரத்திலேயே ஹார்வி நிர்வாகம் இறங்கி வந்தது. இதில் மில்லுக்கு வெளியே இருந்தவர்களுக்கும் பங்குண்டு. தொழிலாளரை எதிர்த்தவர்களுக்குச் சவரத் தொழிலாளர்கள் சவரம் செய்ய மறுத்தார்கள்.

இதைச் சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டுப் போகிறோம். சவரமும் வெளுப்பும் இல்லாமல் ஆக்குவது நம்மூரில் மேல்சாதி கையிலிருந்த ஆயுதம். யாருக்குச் செய்யக் கூடாதுன்னு ஊர்ப் பெரியவங்கதான் முடிவு செய்வாங்க. 1908இல் அந்த முடிவைச் சவரத் தொழிலாளியே எடுத்தார். சாதிக் கடமை தொழிலாளர் தோழமையாக மாறிய இடம் அது.

அதே பிப்ரவரி 3ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் டான்பரி தொப்பித் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. முதலாளியின் தொப்பிகளை நாடெங்கும் புறக்கணிக்கச் செய்தது வணிகத்தைத் தடுக்கும் குற்றம் என்றது. 1806இல் பிலடெல்பியாவின் செருப்புத் தொழிலாளர்கள் கூலிக்காகக் கூடியதே சதி எனப்பட்டது. 1842இல் மாசசூசெட்ஸ் நீதிமன்றம், சங்கம் சேர்வது மட்டுமே சதியாகாது என்றது. ஆனாலும் ஆலை வாசலைத் தாண்டிப் பரவும் தோழமையைச் சட்டம் பொறுக்கவில்லை.

இங்கே மட்டும் என்ன? மார்ச் 12இல் வ.உ.சி. கைதானதும் மில் தொழிலாளரோடு நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர், கசாப்புக்காரர், வண்டிக்காரர் எனப் பலரும் வேலையை நிறுத்தினார்கள். நெல்லையில் துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்தார்கள். திலகருக்காகப் பம்பாய்த் தொழிலாளர் எழுந்தது அதற்கு நான்கு மாதம் கழித்து, ஜூலையில்.

1926 சட்டம் சங்கங்களுக்குப் பாதுகாப்பு தந்தது உண்மை. கூடவே எது சங்கம் என்பதற்கு ஓர் எல்லையையும் போட்டது. அந்த எல்லைக்குள் நின்று எழுதும் வரலாற்றில் கோரல் மில்லுக்கு ஒரு முன்கதைக்கான இடம் கிடைக்கலாம். கத்தியைக் கீழே வைத்த அந்தச் சவரத் தொழிலாளிக்கு அதுவும் கிடைக்காது. நம் தொழிற்சங்க வரலாற்றை அவரிலிருந்து தொடங்கிப் பார்த்தால் என்ன?