ஒருமுறையும் கூடாத வாரியம்: மெடிகேர் தரும் பாடம்

முதியோரின் மருத்துவச் செலவை அரசு ஏற்கும்போது, மருத்துவமனைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை யார் முடிவு செய்வது? அமெரிக்காவின் மெடிகேர் திட்டம் அறுபது ஆண்டுகளாக இக்கேள்வியை எதிர்கொண்டு வருகிறது.

1965 ஜூலை 30 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம், 65 வயது நிறைந்தோருக்கு அரசுக் காப்பீட்டை அளித்தது. அரசு நிதி பெறும் நிறுவனங்கள் இனப் பாகுபாடு காட்டுவதை 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் ஏற்கெனவே தடை செய்திருந்தது. எனவே கறுப்பின நோயாளிகளைத் தனி வார்டில் ஒதுக்கிய தென்மாநில மருத்துவமனைகள், மெடிகேர் பணம் பெற வேண்டுமானால் அப்பிரிவினையைக் கைவிட வேண்டியதாயிற்று. பொதுப் பணத்துக்கு விதிக்கப்படும் நிபந்தனை எத்துணை வலிமையானது என்பதற்கு இதுவே சான்று.

விலையில் அந்த உறுதி காட்டப்படவில்லை. மருத்துவமனைகள் கணக்குக் காட்டிய ‘நியாயமான செலவை’ அரசு திருப்பிக் கொடுத்தது. செலவு கூடினால் வரவும் கூடியது. 1983இல்தான் நோய்வகைக்கேற்ப முன்கூட்டியே தொகையை நிர்ணயிக்கும் முறை வந்தது. 1997இல் மெட்பேக் ஆணையம் உருவானது. அதனால் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரை மட்டுமே செய்ய இயலும். அதை ஏற்பதும் தள்ளுவதும் உறுப்பினர்களின் விருப்பம். அவர்களைச் சூழ்ந்திருப்பதோ மருத்துவமனை, மருந்து நிறுவனங்களின் செல்வாக்கு.

இந்த இடைவெளியை அடைக்கவே 2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சீர்திருத்தச் சட்டம் ‘சுயேச்சைக் கட்டண ஆலோசனை வாரியம்’ என்ற அமைப்பை ஏற்படுத்தியது. குடியரசுத் தலைவர் நியமித்து, செனட் ஒப்புதல் தரும் 15 உறுப்பினர்கள் அதில் இடம்பெறுவர். மருத்துவச் சேவை வழங்குவோர் பெரும்பான்மையாக இருத்தல் கூடாது. செலவு வளர்ச்சி குறித்த வரம்பைத் தாண்டுமெனக் கணிக்கப்பட்டால் வாரியம் குறைப்புத் திட்டம் தர வேண்டும். நாடாளுமன்றம் அதே அளவு சேமிப்புக்கு மாற்றுவழி காணாவிடில், அத்திட்டம் தானாகவே நடைமுறைக்கு வரும். சிகிச்சையைப் பங்கிட்டு மறுப்பது, முதியோரின் பங்குத்தொகையை உயர்த்துவது, பயன்களைக் குறைப்பது ஆகியவற்றுக்குச் சட்டமே தடை விதித்திருந்தது.

எனினும் ‘மரணக் குழு’ என்ற பொய்ப் பெயர் அதன்மீது சுமத்தப்பட்டது. உறுப்பினர் ஒருவர்கூட நியமிக்கப்படவில்லை. வாரியம் ஒருமுறையும் கூடவில்லை. 2018 பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதை நீக்கியது.

எதிர்த்தோரின் வாதங்கள் அனைத்தையும் பொய்யெனத் தள்ளிவிட முடியாது. தேர்ந்தெடுக்கப்படாத குழுவின் திட்டம் சட்டமாகும்போது, அதன் செயலாக்கத்தை நீதிமன்றம் ஆராய்வதற்கும் தடை இருந்தது. கட்டணத்தை மட்டும் வெட்டினால், மருத்துவர்கள் காப்பீட்டு நோயாளிகளைத் தவிர்க்கக் கூடும். முதலில் தவிர்க்கப்படுபவர் ஏழை முதியவரே. சுயேச்சை என்பது பொறுப்புக்கூறலிலிருந்து விடுதலை ஆகாது.

இந்தியாவுக்கும் இக்கேள்வி வந்துவிட்டது. 2024 அக்டோபர் முதல், 70 வயது நிறைந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீட்டை ஆயுஷ்மான் பாரத் திட்டம் வழங்குகிறது. அதற்கு முன்பே, 2023இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, ஒரே கைப்பேசி எண்ணில் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்ததை வெளிப்படுத்தியது. அந்தத் தணிக்கை தேவையானதே. ஆனால் பணம் சென்ற பின்னரே அது வருகிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. விலையை நிர்ணயிப்போர் மருத்துவமனைகளிடமிருந்து விலகி நிற்கிறார்களா? அவர்களது முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியுமா? அக்குழுவில் தலித் முதியோரின் குரலுக்கு இடமுண்டா? 1966இல் கறுப்பின மக்களுக்கு மருத்துவமனைக் கதவைத் திறந்தது காப்பீட்டு அட்டை மட்டுமன்று. அதனோடு சேர்ந்து வந்த, நடைமுறைப்படுத்தப்பட்ட நிபந்தனையும்தான்.