டின்னில் அடைத்த பரங்கிக் கூழ்

பரங்கிக்காயை ஆவியில் வேகவைத்து, நீரைப் பிழிந்து, மசித்துச் சலித்து, டின்னில் அடைத்துச் சூட்டில் கிருமி நீக்கி விற்கும் கூழ் இது. அமெரிக்கச் சமையலறைகளில் நெடுங்காலமாகப் புழங்குவது. நவம்பரில் வரும் நன்றியறிதல் நாளுக்குச் செய்யும் 'பம்ப்கின் பை' என்ற இனிப்புப் பண்டத்துக்கு இதுவே அடிப்படை. சூப், ரொட்டி, கேக் ஆகியவற்றிலும் சேர்க்கிறார்கள்.

டின்னில் வருவதெல்லாம் சத்துச் செத்த உணவு என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கூழைப் பொறுத்தவரை அது சரியல்ல. அமெரிக்க வேளாண்துறையின் உணவுச் சத்து அட்டவணைப்படி, உப்புச் சேர்க்காத கூழ் 100 கிராமில் 34 கிலோகலோரிதான் இருக்கிறது. ஏறத்தாழ 90 விழுக்காடு நீர். மாவுச்சத்து 8 கிராம், அதில் நார்ச்சத்து 2.9 கிராம், புரதம் 1.1 கிராம், கொழுப்பு 0.3 கிராம், இரும்பு 1.4 மில்லிகிராம், பொட்டாசியம் 206 மில்லிகிராம், சோடியம் வெறும் 5 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் வழக்கமான 425 கிராம் டின்னை முழுவதும் உண்டாலும் ஏறத்தாழ 145 கிலோகலோரிதான் சேரும்.

இதன் பெருமை வைட்டமின் ஏ. 100 கிராமில் பீட்டா கரோட்டின் 6,940 மைக்ரோகிராமும் ஆல்பா கரோட்டின் 4,795 மைக்ரோகிராமும் இருக்கின்றன. இவை நேரடியாக வைட்டமின் ஏ அல்ல. உடல்தான் இவற்றை மாற்றிக்கொள்கிறது. பீட்டாவில் 12 பங்கோ ஆல்பாவில் 24 பங்கோ இருந்தால்தான் ஒரு பங்கு வைட்டமின் ஏ-க்கு ஈடு என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் 100 கிராம் கூழ் 778 மைக்ரோகிராம் தருகிறது. அமெரிக்கப் பரிந்துரையின்படி வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 900, பெண்ணுக்கு 700 மைக்ரோகிராம் வேண்டும். அரைக் கோப்பைக் கூழிலேயே ஒரு நாளைக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. கரோட்டின் கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் சிறிது எண்ணெயோ நெய்யோ தேங்காயோ கூட இருந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். நாள்தோறும் மிகுதியாக உண்பவருக்கு உள்ளங்கை மஞ்சள் பூக்கலாம். அளவைக் குறைத்தால் அது தானே மறையும்.

பச்சைப் பரங்கியோடு ஒப்பிட்டால் கணக்கு வியப்பூட்டும். அதே அட்டவணையில் பச்சைக் காய் 100 கிராமுக்கு 26 கிலோகலோரி, நார்ச்சத்து 0.5 கிராம், வைட்டமின் ஏ 426 மைக்ரோகிராம். டின் கூழ் இவை மூன்றிலும் முந்துகிறது. சிலவற்றில் பின்தங்குகிறது: வைட்டமின் சி 9 மில்லிகிராமிலிருந்து 4.2 ஆகவும், பொட்டாசியம் 340-லிருந்து 206 ஆகவும் குறைகிறது. வைட்டமின் சி சூட்டில் அழியக்கூடியது. பொட்டாசியமோ நீரில் கரைவது. பிழிந்த நீரோடு ஒரு பகுதி போய்விடும். கூழ் முந்துவதற்கு நீர் வடிவது மட்டும் காரணமல்ல, காயின் இனமும் காரணம். குடைந்து விளக்காகச் செதுக்கும் ஆரஞ்சு நிறப் பம்ப்கின் 'குக்குர்பிட்டா பெப்போ' என்ற இனம். நீர்த்த, நாரோடிய சதை. டின்னுக்குப் போவதில் பெரும்பகுதி 'டிக்கின்சன்' என்ற வகை. வெளிறிய தோல், நீள்உருண்டை வடிவம், கெட்டியான செம்மஞ்சள் சதை. இது 'குக்குர்பிட்டா மொஸ்காட்டா' இனம். தமிழ்நாட்டில் மஞ்சள் பூசணி என்றும் கொங்குப் பகுதியில் அரசாணிக்காய் என்றும் சொல்லி நாம் கூட்டு வைக்கிற காயும் இதே இனந்தான். இனிப்பான பொன்னிறச் சதைகொண்ட இத்தகைய காய்களைப் பம்ப்கின் என்ற பெயரில் விற்பதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1938 முதலே தடை சொல்வதில்லை.

இல்லினாய் மாநிலத்தின் மார்ட்டன் நகரம்தான் இத்தொழிலின் மையம். டின்னில் பரங்கி அடைக்கும் லிபி நிறுவனம் டிக்கின்சன் குடும்பத்தின் தொழிலை 1929-இல் வாங்கியது. இன்று அது நெஸ்லேயின் கையில். விளைச்சல் ஒரே வட்டாரத்தில் குவிந்திருப்பதன் ஆபத்து 2009-இல் தெரிந்தது. அறுவடைக் காலத்து அடைமழையில் வயல்களுக்குள் வண்டி இறங்க முடியாமல் காய்கள் அழிய, நாடெங்கும் டின்னுக்குத் தட்டுப்பாடு வந்தது.

வாங்குபவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'பம்ப்கின் பை மிக்ஸ்' என்ற டின் பார்ப்பதற்கு இதே போலிருக்கும், ஆனால் சர்க்கரையும் மசாலாவும் உப்பும் கலந்தது. அதில் 100 கிராமுக்கு 104 கிலோகலோரி, சோடியம் 200 மில்லிகிராமுக்கு மேல். சர்க்கரை நோயாளிகளும் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் பொருட்பட்டியலில் பரங்கி மட்டும் எழுதியிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

திறந்த டின்னில் மிஞ்சியதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். வீட்டில் அரைத்த கூழைப் புட்டியில் அடைத்து வெளியில் சேமிப்பது கூடவே கூடாது. புளிப்புக் குறைந்த, கெட்டியான கூழின் நடுப்பகுதிவரை சூடு ஒரே சீராகப் போய்ச் சேராது. 'கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்' என்ற கிருமியின் வித்துகள் தப்பிப் பிழைத்து உயிரைக் குடிக்கும் நஞ்சைச் சுரக்கக்கூடும். அமெரிக்க வேளாண்துறை இதைத் தெளிவாக எச்சரித்திருக்கிறது. வீட்டுக் கூழைச் சேமிக்க விரும்புவோர் உறைபெட்டியில் வைக்க வேண்டும்.