இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ்

நான் இரண்டாம் வகுப்பில் படித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். நரிக் கதைப் பாடத்தைக் கணீரென்று வாசித்தேன். அவர் மெல்லத் தம் உள்ளங்கையைப் பக்கத்தின்மேல் வைத்து மறைத்தார். என் வாசிப்பு நிற்கவேண்டுமே! கடைசி வரி வரைக்கும் போய்த்தான் மூச்சு விட்டேன். அவர் சிரித்துவிட்டார், உபாத்தியாயரின் முகந்தான் சுண்டிப் போயிற்று.

அந்த முகத்தின் பூர்வோத்தரம் இங்கிலாந்தில் இருப்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1862-ல் அங்கே கல்வி இலாகாவை நடத்திய ராபர்ட் லோ, சர்க்கார் பணத்துக்குப் பலன் தெரியவேண்டும் என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏழைப் பிள்ளைகள் பலர் சரியாக வாசிக்கத் தெரியாமலே பள்ளியை விட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே இன்ஸ்பெக்டர் ஆண்டுதோறும் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றும் தேறினால் பள்ளிக்கு எட்டு ஷில்லிங். ஒன்றில் தவறினால் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் போச்சு! பல ஊர்களில் உபாத்தியாயரின் சம்பளமே இந்த வரும்படியை ஒட்டி ஏறும், இறங்கும்.

வாசிப்புக்கு ஆறு படிகள். முதற்படியில் ஓரசைச் சொற்களால் ஆன கதை. ஆறாவதில் செய்திப் பத்திரிகையில் ஒரு பத்தி. அழகான ஏணிதான். ஆனால் இடைப்பட்ட படிகளுக்கெல்லாம் பள்ளியில் வழங்கும் புத்தகத்திலிருந்தே பகுதி எடுக்கவேண்டும் என்று விதித்துவிட்டார்கள். அப்புறம் கேட்பானேன்? வருஷம் முழுதும் அந்த ஒரே புத்தகம். திரும்பத் திரும்ப அதே பாடம். கவி மாத்யூ ஆர்னால்டு 1851 முதல் பள்ளி இன்ஸ்பெக்டராக ஊர் ஊராக அலைந்தவர். இந்தப் புத்தகத்தைச் சரளமாக வாசிக்கும் பிள்ளை வேறொன்றைக் கொடுத்தால் விழிக்கிறது என்று சர்க்காருக்கே எழுதினார். எழுதியும் என்ன? 1890-களில்தான் அந்த முறைக்கு முடிவு வந்தது. இதற்குள் அது கப்பலேறி நம் சென்னை மாகாணத்துக்கும் வந்துவிட்டிருந்தது.

பிள்ளையைத் தவறவிட்டால் வாத்தியார் வீட்டு அடுப்பில் கை வைத்ததாகும், தேறவிட்டால் பொய். இந்தச் சங்கடத்தை ஆர்னால்டு எத்தனை பள்ளிகளில் அனுபவித்தாரோ!

எங்கள் இன்ஸ்பெக்டர் தம் பையிலிருந்து மடித்த பத்திரிகை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, வெகு நேரம் கழித்து ஒரு சொல்லை வாசித்தேன்: 'மழை'. "போதும், உட்கார்" என்றார்.