ஆர்க்கீசியா: காளானில் வளரும் குதிவண்டு

பட்ட மரத்தில் தட்டுத்தட்டாகப் படிந்திருக்கும் காளானைப் பிளந்தால், உள்ளிருந்து ஏதோ ஒன்று எகிறிக் குதித்து உருண்டோடும். ஐரோப்பியக் காடுகளில் அது ஆர்க்கீசியாவாக இருக்கலாம். பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லத்ரேய் 1807இல் வகுத்த பேரினம் இது. ஆசியாவிலும் வட அமெரிக்காவிலும்கூட இதன் இனங்கள் உண்டு. பலவும் அரை சென்டிமீட்டரைத் தாண்டாதவை. தலைப்பக்கம் அகன்று வால்பக்கம் குறுகும் உடல், பழுப்பு நிறம், பட்டுப்போல் படிந்த நுண்மயிர்.

இது சேர்ந்திருக்கும் மெலாண்ட்ரியிடே குடும்பத்தைப் ‘போலி டார்க்ளிங் வண்டுகள்’ என்பார்கள். அசல் டார்க்ளிங் வண்டு நமக்குப் பழக்கமானதுதான்: மாவு டப்பாவில் ஊரும் சிவப்பு மாவு வண்டு அந்தக் குடும்பம். இரு குடும்பங்களிலும் முன்கால், நடுக்கால் பாதங்களில் ஐந்தைந்து கணுக்கள், பின்கால் பாதத்தில் நான்கு. ஆகவே காலை மட்டும் எண்ணி எதையும் முடிவு செய்ய முடியாது. தலையைப் பார்க்க வேண்டும். மாவு வண்டின் உணர்கொம்பு முளைக்கும் இடத்தைத் தலையின் விளிம்பு கூரையாக மறைத்திருக்கும். ஆர்க்கீசியாவில் அந்த இடம் மேலிருந்து பார்த்தாலே தெரியும். வாயருகே தொங்கும் உணரிகளும் பெரியவை.

பேரினத்தை உறுதிசெய்ய இரண்டு அடையாளங்கள் போதும். உணர்கொம்பின் நுனிக் கணுக்கள் தடித்து ஒரு சிறு கதாயுதம்போல் இருக்கும். பின்கணைக்காலின் முனையிலுள்ள முட்கள் வழக்கத்தைவிட மிக நீளமானவை. இதே குடும்பத்து அப்டெராவும் பட்டைபட்டையாக நிறம் காட்டி ஏமாற்றும். ஆனால் அதற்குக் கதாயுத நுனியும் இல்லை, நெடுமுள்ளும் இல்லை. குதிப்பதைக் கண்டு மொர்டெல்லிடே வண்டு என்று நினைப்பவர்களும் உண்டு. மொர்டெல்லிடேயின் வயிறு பின்னால் கூர்முனையாக நீண்டிருக்கும், ஆர்க்கீசியாவுக்கு அது கிடையாது.

பேரினம் தெரிந்தபின் இனத்தைப் பிரிப்பதுதான் தொல்லை. ஆர்க்கீசியா உண்டுலேட்டா எளிது: சிறகுறையில் வெளிறிய அலைக்கோடுகள் ஓடும், காளான் பிடித்த பட்டையடியில் கிடைக்கும். ஒரே பழுப்பான ஆர்க்கீசியா மைக்கன்ஸ் அப்படியல்ல. அதற்கு நிறத்தைவிட முகவரிதான் உதவும். ஆஷ் போன்ற அகன்ற இலை மரங்களில் வளரும் இனோனோட்டஸ் ஹிஸ்பிடஸ் காளானுக்குள் அதன் புழுக்கள் வளர்கின்றன. சேகரிப்பாளர்கள் வண்டைத் துரத்துவதைவிட, புழு குடியிருக்கும் காளானையே பெட்டியில் வைத்து, முதிர்ந்தவை தாமாக வெளிவரக் காத்திருக்கிறார்கள்.