டாக்டர் பட்டத்தைப் பணயம் வைத்தவர்

ஆங்கில விக்கிப்பீடியாவில் எஸ்ஜே என்ற புனைபெயரில் ஒரு தொகுப்பாளர் இருந்தார். சமயவியல் பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டவர். 2005-இல் கத்தோலிக்கம் பற்றிய ஒரு தகராறில் அவர் நீட்டிய ஆதாரம் 'கத்தோலிசிசம் ஃபார் டம்மீஸ்'. ஆமாம், அந்த மஞ்சள் அட்டைப் புத்தக வரிசைதான்! என் மாணவர்களுக்கே இதைப் பாடமாக வைக்கிறேன், என் டாக்டர் பட்டத்தையே பணயம் வைப்பேன் என்றார்.

2006-இல் நியூயார்க்கர் இதழும் அவரைப் பேராசிரியர் என்றே எழுதியது. 2007-இல் குட்டு உடைந்தது. வயது 24, உயர் பட்டம் எதுவும் கிடையாது. அதற்குள் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் குழுவிலேயே அவருக்கு இடம் கிடைத்திருந்தது.

புனைபெயர் மாதிரிதானே என்று முதலில் விட்டுவிட்ட ஜிம்மி வேல்ஸ், பட்டத்தைக் காட்டி வாதாடியது தெரிந்ததும் விலகச் சொன்னார். இனி பட்டங்களைச் சரிபார்க்கலாம் என்றும் யோசனை சொன்னார். தொகுப்பாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதுதான் சரின்னு எனக்குப் படுகிறது. சொல்றது யாருங்கிறது அங்கே கணக்கில்லை, எங்கே பிரசுரமாகியிருக்கு என்பதே கேள்வி. எஸ்ஜேயிடம் அதைக் கறாராகக் கேட்டிருந்தாலே போதும்.

நிஜமான பெரிய மனிதர்களுக்கும் இதே விதிதான். 2012-இல் தன் நாவல் பற்றிய தகவலைத் திருத்தச் சொன்ன பிலிப் ராத்திடமே வேறு ஆதாரம் கேட்டார்கள். அவர் ஒரு திறந்த மடல் எழுதினார். வெளியிட்டது அதே நியூயார்க்கர். அந்த மடல் ஆதாரமாகச் சேர்ந்தது.