ஏலம் ஏறிய நாற்காலிகள்

நான்கு கால்களை உடையது நாற்காலி. மூன்று கால்களை உடையது முக்காலி. வடிவத்தைக் கண்ட அளவில் பிறந்த இப்பெயர்களுக்கு விளக்கவுரை வேண்டுவதில்லை. ஆயினும், ஒரு நாற்காலியின் பெயரை அறிவதுபோல் அதன் வரலாற்றை அறிவது எளிதன்று. அதைச் செய்தவர் யார், அதில் அமர்ந்தவர் யார், அது எங்கிருந்து எங்குச் சென்றது என்னும் வினாக்களுக்கு மரமும் பிரம்பும் தாமாக விடை கூறா. எவரேனும் எழுதி வைத்திருந்தால்தான் விடை கிடைக்கும். இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியவை சண்டிகர் நகரத்து நாற்காலிகள்.

நாற்காலிகள் ஏலத்திற்கு வருவது புதிய செய்தியன்று. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் 1794-ஆம் ஆண்டு ஆகஸ்டு வரை, வெர்சாய் அரண்மனையின் தளவாடங்கள் ஏலம் விடப்பட்டன. பதினேழாயிரத்திற்கும் மேற்பட்ட தொகுதிகளாக அவை விலை போயின. அரசரும் அரசியும் அமர்ந்த இருக்கைகள் வணிகர் கைக்கு மாறின. பல கடல் கடந்து இங்கிலாந்து முதலிய நாடுகளுக்குச் சென்றன. வெர்சாய் அருங்காட்சியகமோ பிற்காலத்தில் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பெரும்பொருள் கொடுத்து மீட்டு வருகிறது. அரண்மனைப் பண்டகசாலை அலுவலர்கள் தளவாடங்களின் அடிப்புறத்தில் பொறித்த எண்களும், அவற்றுக்குரிய பதிவேடுகளும் அத்தேடலுக்குப் பெருந்துணையாகின்றன.

வெர்சாயின் இருக்கைகள் முடியுடையோர்க்கு உரியவை. அவை விலை மதிப்புடையவை என்பதை விற்றவர்களும் அறிவர். சண்டிகர் நாற்காலிகளின் கதையோ வேறு. எழுத்தர்களும் மாணவர்களும் வழக்கறிஞர்களும் நாள்தோறும் அமர்ந்து தேய்ந்த இருக்கைகள் அவை. அவற்றின் மதிப்பை விற்றவர்கள் அறிந்திலர்.

புதிய தலைநகர்

1947-ஆம் ஆண்டு இந்தியா விடுதலை பெற்றபோது பஞ்சாப் மாநிலம் இரண்டாகப் பிரிந்தது. அதன் தலைநகராக விளங்கிய லாகூர் பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை; வீடிழந்து வந்த மக்களோ எண்ணிலர். இந்நிலையில் இமயத்தின் அடிவாரச் சமவெளியில் புதியதொரு நகரை எழுப்ப முடிவு செய்யப்பட்டது. அங்கிருந்த சண்டி கோயிலின் பெயரால் அந்நகர் சண்டிகர் எனப்பட்டது. முதற்கட்டத்தில் 1,50,000 மக்களும், நிறைவில் 5,00,000 மக்களும் வாழத்தக்க நகராக அது திட்டமிடப்பட்டது.

நகரின் முதல் வரைவை அமெரிக்கரான ஆல்பர்ட் மேயரும் போலந்து நாட்டவரான மத்தேயு நோவிக்கியும் வகுத்தனர். 1950-ஆம் ஆண்டு நோவிக்கி விமான விபத்தில் உயிரிழந்தார். அதன் பின்னர், அப்பணி பாரிஸ் நகரில் வாழ்ந்த புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடன் அவருடைய உறவினர் பியேர் ஜான்னரேயும், ஆங்கிலேயர்களான மேக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் ட்ரூ தம்பதியரும் இணைந்தனர். 1953-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் நகரைத் திறந்து வைத்தார்.

லெ கொர்புசியே ஆண்டுதோறும் வந்து சில வாரங்கள் தங்கிச் செல்வார். ஃபிரையும் ட்ரூவும் மூன்றாண்டுகள் பணியாற்றித் திரும்பினர். ஜான்னரே மட்டும் 1965 வரை அங்கேயே தங்கினார். நகரின் தலைமைக் கட்டடக் கலைஞராகவும், 1961-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கட்டடக் கலைக் கல்லூரியின் முதல்வராகவும் அவர் விளங்கினார். உடல் நலம் குன்றியதால் தாயகமான சுவிட்சர்லாந்துக்குத் திரும்பிய அவர் 1967-ஆம் ஆண்டு ஜெனீவா நகரில் காலமானார். அவருடைய விருப்பப்படி அவருடைய சாம்பல் 1970-ஆம் ஆண்டு சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. அந்நகரோடு அவர் கொண்ட பற்றுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கவராயக் கால்கள்

கட்டடங்கள் எழுந்தால் போதுமா? தலைமைச் செயலகத்திற்கும் உயர்நீதிமன்றத்திற்கும் சட்டமன்றத்திற்கும் பல்கலைக்கழகத்திற்கும் மேசைகளும் நாற்காலிகளும் அலமாரிகளும் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன. அவற்றை வடிவமைக்கும் பணியை ஜான்னரே முன்னின்று நடத்தினார்.

1920-களின் இறுதியில் லெ கொர்புசியே, ஷார்லொத் பெரியாண்டு ஆகியோருடன் இணைந்து எஃகுக் குழாய்களால் நாற்காலிகளை வடிவமைத்தவர் அவர். ஆனால் சண்டிகரில் எஃகை நாடவில்லை. அங்குக் கிடைத்தவை தேக்கு மரமும் பிரம்பும், அவற்றைக் கையாளும் தச்சர்களின் கைத்திறனுமே. தேக்கு ஈரத்தையும் செல்லையும் தாங்கும். பிரம்புப் பின்னல் காற்றோட்டம் தரும். வட இந்தியக் கோடையில் நெடுநேரம் அமர்ந்து எழுதுவோர்க்கு அது பெருநலம். நாற்காலியின் கால்கள், வட்டம் வரையும் கவராயத்தை விரித்து நிறுத்தியது போன்று சாய்ந்து நின்றன. அவ்வடிவமே இன்று சண்டிகர் நாற்காலியின் அடையாளமாகிவிட்டது.

இவ்வடிவங்கள் தனி ஒருவரின் படைப்பல்ல. இந்தியக் கட்டடக் கலைஞர் பலர் அக்குழுவில் பணியாற்றினர். அவர்களுள் யூலி சௌத்ரி என்னும் பெண்மணிக்கு நாற்காலி வடிவமைப்பில் பெரும்பங்கு உண்டு என்று ஆய்வாளர் கூறுவர். வரைபடத்தைப் பார்த்து மரத்தை அறுத்து இழைத்தவர்களோ பல பட்டறைகளைச் சேர்ந்த தச்சர்கள். ஆதலின், ஒரே வகை நாற்காலியிலும் பட்டறைக்குப் பட்டறை சிறு வேறுபாடுகள் காணப்படும். அத்தச்சர்கள் தங்கள் பெயரை எந்த நாற்காலியிலும் பொறிக்கவில்லை.

பெயர் பொறிக்கப்படவில்லை, எண் பொறிக்கப்பட்டது. எந்த அலுவலகத்தின் உடைமை என்பதைக் குறிக்கும் சுருக்கெழுத்துகளும், இருப்புப் பதிவேட்டு எண்ணும் நாற்காலிகளில் சாயத்தால் எழுதப்பட்டன. ஓர் அறையின் நாற்காலி மற்றோர் அறைக்குப் போய்விடாமல் காக்க எழுத்தர்கள் செய்த ஏற்பாடு அது. அதற்குமேல் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை.

கழிவும் செல்வமும்

ஆண்டுகள் சென்றன. பிரம்பு அறுந்தது, கால்கள் ஆடத் தொடங்கின. புதிய எஃகு நாற்காலிகளும் நெகிழி நாற்காலிகளும் அலுவலகங்களில் இடம்பெற்றன. பழையவை மொட்டை மாடிகளிலும் முற்றங்களிலும் குவிந்து வெயிலிலும் மழையிலும் கிடந்தன. சில விறகாயின. அரசு அலுவலகங்கள் தம் விதிப்படி அவற்றைக் கழிவுப் பொருள் எனப் பதிந்து, பொது ஏலத்தில் மிகக் குறைந்த விலைக்கு விற்றன.

1990-களின் இறுதியிலிருந்து பிரெஞ்சு நாட்டுப் பழம்பொருள் வணிகர் சிலர் சண்டிகருக்கு வந்தனர். அவர்கள் அந்தக் குவியல்களில் ஜான்னரேயின் கையைக் கண்டனர். ஏலத்தில் வாங்கியவற்றைக் கப்பலேற்றிச் சென்று, மரத்தை மெருகூட்டிப் பிரம்பை மீண்டும் பின்னி, கண்காட்சிகளில் வைத்தனர். பின்னர் பாரிஸ், இலண்டன், நியூயார்க், சிகாகோ ஆகிய நகரங்களின் ஏலக்கூடங்களில் சண்டிகர் நாற்காலிகள் பல்லாயிரம் டாலருக்கு விலை போயின. எழுத்தரின் இருக்கை செல்வர் மாளிகையின் அணிகலனாயிற்று.

அந்த ஏலங்களின் பொருட்பட்டியல்களைப் பார்ப்போர் ஒரு செய்தியைக் கண்டு வியப்பர். நாற்காலியின் காலத்தையும் மரத்தையும் அளவையும் கூறும் பட்டியல், அதன் மீதுள்ள அலுவலக எழுத்துகளையும் எண்ணையும் எழுத்து மாறாமல் எடுத்துரைக்கிறது. அவையே அது சண்டிகரிலிருந்து வந்தது என்பதற்குச் சான்று. பொருள் தொலையாமல் காக்க எழுதிய எண், பொருள் தொலைந்த பின்னர் அதன் விலையை உயர்த்திற்று. போலி நாற்காலி செய்வோர் அவ்வெண்களையும் போலியாக எழுதத் தொடங்கினர் என்றால் அவற்றின் மதிப்பைக் கூறவும் வேண்டுமோ?

2013-ஆம் ஆண்டு அமெரிக்கக் கலைஞர் ஏமி சீகல் இந்நாற்காலிகளின் பயணத்தைத் திரைப்படமாக்கினார். அப்படம் கதையைப் பின்னிருந்து முன்னாகக் கூறுகிறது. செல்வர் வீடுகளில் தொடங்கி, ஏலக்கூடம், பழுது பார்க்கும் பட்டறை, கப்பல் துறைமுகம் எனப் பின்னோக்கிச் சென்று சண்டிகரின் அலுவலக அறைகளில் முடிகிறது. அவ்வாண்டே அப்படமும் இலண்டனில் ஏலத்திற்கு வந்தது.

சட்டமும் காலமும்

அந்நியர் கொள்ளையடித்தனர் என்று கூறிவிடுவது எளிது, நடுவுநிலைமையாகாது. அவர்களுள் பலர் அரசு நடத்திய ஏலத்தில் பணம் செலுத்தி வாங்கியவர்கள். சீர்படுத்தினர், ஆராய்ந்தனர், 2010-ஆம் ஆண்டு பெரியதொரு நூலும் வெளியிட்டனர். அவர்கள் வாராதிருந்தால் அந்நாற்காலிகளுள் பல அடுப்பெரிந்திருக்கும். எனினும், தெரிந்தவர் தெரியாதவரிடம் வாங்கிய வாணிகம் அது என்பதையும் மறுத்தற்கில்லை.

சட்டம் ஏன் தடுக்கவில்லை? இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம், பொதுவாக நூறாண்டு நிறைந்த பொருளையே தொல்பொருள் எனக் கொள்கிறது. கையெழுத்துச் சுவடிகள் முதலியவற்றுக்கு எழுபத்தைந்து ஆண்டுகள். 1950-களில் செய்த நாற்காலி அவ்வரம்பை எட்ட 2050-களாகும். அதுவரை அது சட்டத்தின் கண்ணுக்குப் பழைய நாற்காலியே.

2011-ஆம் ஆண்டு இந்திய உள்துறை அமைச்சு, சண்டிகரின் மரபுத் தளவாடங்களை விற்பதற்கும் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் தடை விதித்தது. பின்னர் எடுக்கப்பட்ட கணக்கின்படி நகரில் எஞ்சியவை 12,793 பொருள்கள். 2016-ஆம் ஆண்டு நகரின் தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம், சட்டமன்றம் அடங்கிய வளாகம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 2017-ஆம் ஆண்டு ஜான்னரே வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாயிற்று. இவை போற்றத்தக்க செயல்கள். ஆயினும், கடல் கடந்து சென்றவற்றை மீட்பது அரிதாயிற்று; தடைக்கு முன்னர் முறையாக விற்கப்பட்டவற்றை எந்த உரிமையால் திருப்பிக் கேட்பது? கண் கெட்ட பின் சூரிய வணக்கம் என்னும் பழமொழி நினைவுக்கு வருகிறது.

எண்ணும் வரலாறும்

சண்டிகரில் எண் இருந்தது, பதிவேடும் இருந்தது. பொருள் எத்தனை என்பதை அப்பதிவேடு கூறிற்று. யார் வடிவமைத்தார், யார் செய்தார், எதற்காக இவ்வாறு செய்தார் என்பதைக் கூறவில்லை. அது கூறாத செய்தியை வணிகர் அறிந்திருந்தனர். இரு விலைகளுக்கும் இடையே நின்ற வேறுபாடு அவ்வறிவே. வடிவமைத்தவரின் பெயராவது காலந்தாழ்ந்தேனும் வெளிப்பட்டது. மரத்தை இழைத்த தச்சர்களின் பெயர்களை எந்த ஏலக்கூடமும் இனி மீட்டுத் தர இயலாது.

பழையன கழிதல் உலக இயற்கை. எல்லாப் பழம்பொருளையும் காத்து வைக்க எந்த அலுவலகத்திலும் எந்தப் பள்ளியிலும் இடமில்லை. ஆனால், கழிக்குமுன் அறிதல் வேண்டும். ஒரு மணி, ஒரு பலகை, ஒரு நாற்காலி ஆகியவற்றைப் பதிவேட்டிலிருந்து நீக்கும்போது, அதனைச் செய்தவர் யார், எந்நாளில் வந்தது, எவருக்குப் பயன்பட்டது என்று ஒரு வரி எழுதி வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆவதில்லை. மாணவர்களைக் கொண்டே அதனைச் செய்விக்கலாம். முதியோரிடம் கேட்டு எழுதிவரும் அவ்வொரு வரி அவர்களுக்கு நல்ல வரலாற்றுப் பாடமாகவும் அமையும். அவ்வரி இல்லாத நாற்காலிக்கு எடைக்கு ஏற்ற விலைதான் கிடைக்கும்.