கணிப்பொறிக்குக் கண் வந்த கதை



மருந்துத் தொழிற்சாலை ஒன்றினுள் நாம் நுழைவதாக வைத்துக்கொள்வோம். ஓடும் பட்டையின் மீது புட்டிகள் வரிசையாக வருகின்றன. மூடி சரியாக அமையாத புட்டி ஒன்று வந்தவுடன், அது விலக்கப்பட்டு ஓரத்திலுள்ள பெட்டியில் விழுகிறது. அக்குறையைக் கண்டது மனிதக் கண் அன்று. பட்டைக்கு மேலே பொருத்தப்பட்ட சிறியதொரு டிஜிட்டல் காமிரா. கண்டதை ஆராய்ந்து தீர்ப்புக் கூறியது கணிப்பொறி. இவ்விரண்டையும் இணைத்து நிற்பது ஒரு கம்பி. அந்தக் கம்பியின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன். இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

கணிப்பொறிக்கு எண்களே தெரியும், படம் தெரியாது. படத்தை எண்களாக மாற்றி அதற்கு ஊட்டும் வழியை 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணயக் கழகத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவரும் அவருடைய தோழர்களும் கண்டனர். சுழலும் உருளை ஒன்றின் மீது ஒரு புகைப்படத்தைச் சுற்றி, அதிலிருந்து திரும்பி வரும் ஒளியைப் புள்ளி புள்ளியாக அளந்தனர். வரிசைக்கு 176 புள்ளிகள். அத்தகைய வரிசைகள் 176. ஆக 30,976 புள்ளிகள் சீயாக் என்னும் கணிப்பொறியினுள் புகுந்தன. அப்படம் கிர்ஷின் கைக்குழந்தையின் முகம். கணிப்பொறி கண்ட முதல் முகங்களுள் அது ஒன்று.

ஆயினும் அங்கே படிக்கப்பட்டது, முன்னரே எடுத்த புகைப்படந்தான். உலகத்தை நேரே பார்க்கும் கண் பின்னரே வந்தது. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவரும் சி.சி.டி. என்ற நுண்கருவியைக் கருதி உருவாக்கினர். ஒளி விழும் இடத்தில் மின்னூட்டம் சேர்கிறது. சேர்ந்த மின்னூட்டத்தை, கிணற்றுத் தண்ணீரை வரிசையில் நிற்பவர்கள் குடங்குடமாகக் கைம்மாற்றுவது போல, ஒரு புள்ளி அடுத்த புள்ளிக்குக் கொடுத்துக்கொண்டே போகிறது. கடைசியில் நிற்கும் அளவி ஒவ்வொன்றையும் அளக்கிறது. இவ்வரிய செயலுக்காக 2009இல் அவ்விருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

இத்தகைய கருவியைக் கொண்டு 1975இல் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீவன் சாஸன் ஒரு காமிராவை அமைத்தார். 10,000 புள்ளிகள் கொண்ட படமொன்றை ஒலிநாடாவிற் பதிய அதற்கு 23 வினாடிகள் ஆயின.

இங்கே ஒரு செய்தியை மனத்திற் கொள்ளுங்கள். இந்த நுண்கருவிகளில் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் படலம் மிக மெல்லியது. கம்பளத்தின் மீது நடந்து வந்த ஒருவருடைய உடலில் தேங்கும் நிலைமின்சாரமே அதைத் துளைத்துவிடக்கூடும். அவர் தம் விரலில் ஒன்றும் உணராமலே கருவி பழுதாகிவிடலாம். காமிராவைத் தொடுமுன் நில இணைப்புள்ள உலோகத்தைத் தொடுக, மணிக்கட்டில் நில இணைப்புப் பட்டை அணிக என்னும் விதி இதனால் எழுந்தது.

இனிக் கம்பிக்கு வருவோம். தொடக்கத்தில் தொழிற்சாலைக் காமிராக்கள் தொலைக்காட்சி அலையைப் போன்ற மின்னலையையே அனுப்பின. கணிப்பொறியினுள் இருந்த தனிப் பலகை ஒன்று அதை எண்களாக்கியது. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிப்பொறி ஆய்வுக்கூடத்தார் ஒரு காப்பிப் பானைக்கு எதிரே காமிராவை நிறுத்தி, இம்முறையில் இணைத்தனர். பானை காலியாக இருக்க மாடிப்படி ஏறி ஏமாறுவதைத் தவிர்ப்பதே அவர்கள் நோக்கம்! 1993இல் அக்காட்சி இணையத்தின் வழியே உலகுக்குத் தெரிந்தது. 2001 வரை தெரிந்துகொண்டிருந்தது.

பின்னர்க் காமிராவே எண்களை அனுப்பத் தொடங்கிற்று. அப்போது புதிய தொல்லை பிறந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு செருகியும் கம்பியும் வைத்துக்கொண்டது. இக்குழப்பத்தைத் தீர்க்க 2000ஆம் ஆண்டில் கேமரா லிங்க் என்னும் பொது விதி வந்தது. 26 முனைகள் கொண்ட செருகி. ஏறத்தாழ 10 மீட்டர் நீளம். ஆனால் அதன் முதல் வடிவத்தில் காமிராவுக்குரிய மின்சாரம் தனிக் கம்பியிலேயே வந்தது. அக்கம்பியில் எத்தனை வோல்ட் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டியவன் மனிதனே.

நான் முன்பு குறிப்பிட்ட சொந்தக் காரணம் இங்கேதான் இருக்கிறது. அந்நாளில் நான் படிப்பை முடித்து, ஒரு புட்டித் தொழிற்சாலையில் சேர்ந்திருந்த இளைஞன். புதிதாக வந்த காமிராவைப் பொருத்தும் பணி என்னிடம் வந்தது. எங்கள் யந்திரங்கள் எல்லாம் 24 வோல்ட்டில் ஓடின. ஆகவே அக்கம்பியையே காமிராவுக்கும் கொடுத்தேன். அது கேட்டது 12 வோல்ட். மெல்லியதொரு கருகல் வாடை வந்தது, அவ்வளவுதான். மாற்றுக் காமிரா வந்து சேரும்வரை, பெண் தொழிலாளர் நால்வர் விளக்கின் முன் அமர்ந்து, கண் எரிய எரியப் புட்டிகளைப் பார்த்துப் பார்த்து ஒதுக்கினார்கள். நான் தலை குனிந்து நின்றேன். முதிய மேற்பார்வையாளர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டாமா?" என்று மட்டும் சொன்னார்.

அச்சொல்லை நான் மறக்கவில்லை. அதன்பின் கம்பிகளின் வரலாற்றைப் படித்தபோது, விஞ்ஞானிகளும் அதே பாடத்தைக் கம்பிக்குக் கற்பித்திருப்பதைக் கண்டு வியந்தேன். 2003இல் வலையமைப்புக் கம்பியின் வழியே மின்சாரம் அனுப்பும் பொது விதி ஒன்று வகுக்கப்பட்டது. அதன்படி, கொடுக்கும் கருவி முதலில் 10 வோல்ட்டுக்கு மேற்படாத சிறு மின்னழுத்தத்தை அனுப்பி, மறுமுனையில் ஏறத்தாழ 25,000 ஓம் தடை இருக்கிறதா என்று சோதிக்கிறது. அந்த அடையாளம் கிடைத்தால்தான் 48 வோல்ட் அளவிலான மின்சாரத்தை விடுகிறது. இல்லையேல் வாளாவிருக்கிறது. 2006இல் வந்த கிக்-இ விஷன் விதிப்படி அமைந்த காமிராக்களிற் பல, 100 மீட்டர் வரை நீளும் ஒரே கம்பியில் இவ்வாறு படத்தை அனுப்பி மின்சாரத்தையும் பெறுகின்றன. 2013இல் வந்த யு.எஸ்.பி. 3 விஷன் காமிராவும் அத்தகையதே. முதலிற் சிறிதளவு மின்சாரமே பெற்று, கணிப்பொறியின் இசைவு கிடைத்த பிறகே மிகுதியைப் பெறும். 2006இல் எழுந்த ஜென்ஐகேம் விதியோ, காமிரா தன் இயல்புகளைத் தானே கணிப்பொறிக்கு எடுத்துரைக்க வகை செய்தது.

அப்படியாயின் மனிதனுக்கு இனிக் கவலை இல்லையா? உண்டு, நண்பர்களே. சோதிக்காமலே மின்சாரத்தை விடும் கருவிகளும் கடையில் விற்கின்றன. வெளித்தோற்றத்தில் ஒன்றாக இருக்கும் இரு செருகிகளில் முனைகளின் வரிசை வேறாக இருக்கலாம். ஆகையால் காமிராவின் வோல்ட் அளவையும், நேர்முனை எது எதிர்முனை எது என்பதையும் அதன் கையேட்டிற் பாருங்கள். தனி மின்கம்பியுள்ள காமிராவாயின், மின்சாரத்தை நிறுத்திய பின்பே செருகுங்கள். உரிய மென்பொருளை முதலிற் கணிப்பொறியில் நிறுவி, அதன் பின்பு காமிராவை இணையுங்கள். மோட்டாருக்குச் செல்லும் கம்பியோடு காமிராவின் கம்பியைச் சேர்த்துக் கட்டாதீர்கள். மோட்டாரின் மின்னலை படத்தைக் கெடுக்கும். செருகியின் திருகுகளை முடுக்குங்கள். யந்திரத்தின் அதிர்வு அவற்றைத் தளர்த்திவிடும்.

இவை சிறிய விதிகளே. ஆயினும் ஒவ்வொன்றின் பின்னும், எங்கோ கருகிய ஒரு கருவியும், தலை குனிந்து நின்ற ஓர் இளைஞனும் இருப்பார்கள். நாளை உங்களிற் சிலர் தொழிற்சாலைகளில் காமிராக்களைப் பொருத்தக்கூடும். கம்பியைக் கையில் எடுக்கும்போது அந்த மேற்பார்வையாளரின் சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.